தாயக்கட்டையில் ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க என்னை வேலைக்கு வைத்தபோது அங்கே கம்ப்யூட்டர் இல்லை. இப்போது இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. எண்பதுகளின் நடுவில் அதன் முதலாளி ஒருமுறை மெட்ராஸ் போய்விட்டு வந்தார். வந்த கையோடு பெயர்ப்பலகையில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் என்பதற்குக் கீழே கம்ப்யூட்டர் என்று சிவப்பு எழுத்தில் எழுத வைத்தார். கணக்கில் பி.எஸ்சி. முடித்து, பி.எட்.டும் முடித்து, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் கார்டைப் புதுப்பித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு ஆறு வாரம் மெட்ராஸில் படித்துவிட்டு வரச் சொன்னார். போய்விட்டு வந்தேன். அதற்குள் அவர் விழுப்புரத்திலும் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து கிளை திறந்துவிட்டார். முப்பது பேர் சேர்ந்தும் விட்டார்கள்.

இருந்த ஒரே கம்ப்யூட்டர் திண்டிவனத்தில், கண்ணாடி போட்ட அறையில், பூப்போட்ட துண்டு போர்த்திக்கொண்டு கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். போனாலும் பாதி நாள் வோல்டேஜ் இருக்காது.

“விழுப்புரத்துக்கு எப்போ சார் மெஷின் வரும்?” என்று வாரம் தவறாமல் கேட்பேன்.

“வந்துக்கினே இருக்குதும்மா. மெட்ராஸ்ல லாரி ஏத்திட்டாங்க. நீ பாடத்த நடத்திக்கினு இரு.”

முதல் பேட்ச் படித்த எட்டு மாதமும் அந்த லாரி வந்துகொண்டே இருந்தது. நடந்து வந்திருந்தால்கூட நாலு தரம் வந்து சேர்ந்திருக்கலாம்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வகுப்பு. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கி, மாடிப்படி ஏறி, கரும்பலகையில் கம்ப்யூட்டர் படம் வரைவேன். இது டி.வி. மாதிரி ஒரு பெட்டி, இது தட்டுகிற பலகை, உள்ளே இருப்பது மூளை. முதல் வாரம் எல்லாரும் அதை நோட்டில் அழகாக வரைந்து கலர் பென்சில் போட்டார்கள். இரண்டாவது வாரமும் அதையே வரைந்தார்கள். மூன்றாவது வாரம், காலேஜ் முடித்த ஒரு பையன், வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு எதுவும் போடமாட்டான், எழுந்து நின்று, “மிஸ், படம் நல்லாத்தான் இருக்குது. இத வச்சி இன்னா பண்றது?” என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவன் கேட்டது நியாயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போய் மூன்று ஜோடி பித்தளைத் தாயக்கட்டை வாங்கினேன். வகுப்புத் தரையில் சாக்பீஸால் மூன்று இடத்தில் தாயக்கட்டம் போட்டேன். “இனிமே இதான் கம்ப்யூட்டர்” என்றேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தார்கள்.

நான் வைத்த ஏற்பாடு இதுதான். ஒருவர் தாய ஆட்டத்தின் விதிகளைப் படிப்படியாகக் காகிதத்தில் எழுதவேண்டும். இன்னொருவர் மெஷின். மெஷின் அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பதை மட்டும் செய்யும். சொந்த புத்தியை உபயோகிக்கக் கூடாது. காகிதத்தில் இல்லாத நிலைமை வந்தால் கையைத் தூக்கி “தெரியாது” என்று சொல்லிவிட்டு நின்றுவிடவேண்டும். எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. மெஷின் எத்தனை முறை “தெரியாது” சொல்கிறதோ அத்தனை மார்க் எழுதினவருக்குக் குறையும். புரோகிராம் எழுதுவது என்றால் இவ்வளவுதான், மெஷின் வருகிற அன்றைக்கு இதையே இங்கிலீஷில் தட்டப்போகிறோம் என்று சொன்னேன்.

ஆட ஆரம்பித்து ஒரு வாரம் ஆவதற்குள் பஞ்சாயத்து வந்துவிட்டது. ஒரு பெண்ணின் அப்பா மாடியேறி வந்தார். வாசலில் நின்று தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் கத்துக்கறன்னு சொல்லிட்டு எம் பொண்ணு இங்க வந்து தாயம் ஆடிக்கினு இருக்குதா? தாயம் ஆடுனா வூட்ல சண்டை வரும், தெரியுமில்ல உங்களுக்கு?”

“உங்க வீட்ல சண்டை வந்துச்சாங்க?”

“வரல. ஆனா வருமே.”

முதலாளிக்கும் புகார் போனது. அவர் என்னைக் கூப்பிட்டு, “கட்டையெல்லாம் வேணாம்மா, வேற எதுனா டீசன்ட்டா பண்ணு” என்றார். மெஷினை அனுப்புங்கள் சார், டீசன்ட்டாகப் பண்ணுகிறேன் என்றேன். லாரி ஏற்றிவிட்டதாகச் சொன்னார். தாயக்கட்டை அப்படியே இருந்தது.

அந்த முப்பது பேரில் ஒருவர்தான் என்னைவிட வயதில் பெரியவர். வளவனூரிலிருந்து வருவார், முப்பத்தைந்து வயது இருக்கும். விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் மில் ஆபீஸில் பதினோரு வருடமாக டைப்பிஸ்ட், அதுவும் தற்காலிகம். அவர் என்னை மிஸ் என்பார், நான் அவரை அக்கா என்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சில் சாயங்கால ஆராதனை முடிந்துதான் வருவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் வீட்டில் இதற்குமுன் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். ஆபீஸ் வேலைக்கு என்று போன முதல் ஆள் இவர். கணவர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கி இடுப்பு போனவர். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்.

அவர் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. மில் முதலாளியின் மகன் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப்போவதாகச் சொல்லியிருந்தார். வருடக் கடைசிக்குள் கம்ப்யூட்டர் சர்டிபிகேட் கொண்டுவந்தால் அக்காவுக்கு வேலை நிரந்தரம். கொண்டுவராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள். சுற்றி வளைக்காமல் அப்படியே சொல்லிவிட்டார்களாம்.

“பாஸ் பண்ணிடுவேனா மிஸ்?” என்று கேட்டார்.

“நான் இருக்கேன்கா. பார்த்துக்கலாம்” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

மெஷினாக உட்காருவதற்கு அவரைப்போல் ஒரு ஆள் கிடையாது. வெள்ளைச் சட்டைப் பையன் முதலில் எழுதிய காகிதம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. ‘தாயம் விழுந்தால் காய் இறக்கவேண்டும்’ என்று ஆரம்பித்திருந்தான். அக்கா கட்டையை உருட்டினார். தாயம் விழுந்தது. கையைத் தூக்கினார்.

“எந்தக் காய இறக்கணும்னு எழுதல. தெரியாது.”

“எதுனா ஒண்ண இறக்குக்கா!” அவனால் வாயை மூட முடியவில்லை.

“எங்க இறக்கறதுன்னும் எழுதல.”

“கட்டத்துலதான்! பின்ன தலை மேலயா இறக்குவாங்க?”

“எந்தக் கட்டத்துல? தெரியாது.”

அவன் என்னிடம் திரும்பினான். “மிஸ், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான மிஸ்!”

எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. அந்த ஒரு வாக்கியம் என் உயிரை வாங்கியது. காய் எந்தப் பக்கம் சுற்றும் என்று ஏன் எழுதவில்லை? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான மிஸ். பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று ஏன் எழுதவில்லை? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான மிஸ். தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். “மெஷினுக்கு அம்மா அப்பா கிடையாது. பக்கத்து வீடு கிடையாது. சின்ன வயசுல யாரும் அத மடியில வச்சி தாயம் சொல்லித் தரல. நீங்க எழுதினாத்தான் அதுக்குத் தெரியும். எழுதலன்னா தெரியாது. எத்தனை தரம் சொல்றது?” மறுநாள் மறுபடியும் அதேதான்.

அக்கா ஒருவர்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. எப்படி அக்கா உங்களுக்கு மட்டும் இது வருகிறது என்று கேட்டேன்.

“ஆபீஸ்ல எழுதிக் குடுத்தத அப்படியே அடிக்கணும் மிஸ். ஆரம்பத்துல ஒருவாட்டி ஊரு பேரு தப்பா இருக்குதேன்னு நானே திருத்தி அடிச்சிட்டேன். பாத்தா அப்படி ஒரு ஊரே இருக்குது. லோடு வேற ஊருக்குப் போயிடுச்சு. நல்லா வாங்கிக் கட்டிக்கினேன். அன்னையிலருந்து, சீட்டுல இல்லன்னா எழுந்து போய்க் கேட்டுட்டுத்தான் அடிப்பேன்.”

வேகம் மட்டும் அவரிடம் இல்லை. எழுதக் கொடுத்தால் எல்லாரும் முடித்துக் கட்டை உருட்டிக்கொண்டிருக்கும்போது இவர் பாதிதான் எழுதியிருப்பார். அதற்கு வேறு கோபப்படுவேன். நான் எதற்குத்தான் கோபப்படவில்லை! பல்லாங்குழிப் பலகை கொண்டுவந்து, ‘கையில் முத்து இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு குழியாகப் போட்டுக்கொண்டே போ’ என்பதை ஒரே வரியில் எழுதச் சொன்னால், ‘ஒரு முத்துப் போடு, அடுத்த குழிக்குப் போ, ஒரு முத்துப் போடு, அடுத்த குழிக்குப் போ’ என்று மூன்று பக்கம் எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். ஒருநாள் முப்பது பேரையும் பஸ் ஏற்றித் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிஜக் கம்ப்யூட்டரைக் காட்டினேன். செருப்பைக் கழற்றி வரிசையாக உள்ளே போனோம். துண்டை எடுத்தேன். கரண்ட் போய்விட்டது. ஒரு மணி நேரம் கண்ணாடி அறையில் வேர்த்து ஒழுகிவிட்டு, துண்டைப் போர்த்திவிட்டு வந்துவிட்டோம்.

பரீட்சை வந்தது. கேள்வித்தாளை நான்தான் எழுதினேன், ஒரே இரவில் இல்லை, ஒரு வாரம் உட்கார்ந்து. அதில் இரண்டு கேள்விகள் முக்கியமானவை. ஒன்று, தாயத்தில் ஒரு காய் வெளிச்சுற்றை முடித்து உள்சுற்றுக்குள் போவதற்கான விதியைப் படிப்படியாக எழுதுவது. இன்னொன்று படம். சிவப்புக் காய் வெளிச்சுற்றின் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது, நான்கு விழுகிறது, காய் எந்தக் கட்டத்துக்குப் போகும்? கட்டத்துக்கெல்லாம் எண் போட்டிருந்தேன். எண்ணை எழுதினால் இருபது மார்க். கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம், எல்லாரும் பாஸ் ஆகட்டும் என்றுதான் அதை வைத்தேன்.

திருத்திக்கொண்டே வந்தேன். வெள்ளைச் சட்டைப் பையன் எண்ணைச் சரியாக எழுதியிருந்தான். வழக்கம்போல் பாதி விதியை விழுங்கியிருந்தான், இருந்தாலும் பாஸ். அக்காவின் தாள் வந்தது. உள்ளே போகும் விதியில் அவர் ஒரு படி அதிகமாக எழுதியிருந்தார். ‘இந்த ஆட்டக்காரர் இதுவரை வெட்டியிருக்கிறாரா? இல்லை என்றால் உள்ளே போகாமல் வெளிச்சுற்றிலேயே சுற்று.’ எங்கிருந்து வந்தது இது? சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பாதி மார்க்கைக் குறைத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். படத்துக்குக் கீழே எண் இல்லை. ‘தெரியாது’ என்று எழுதியிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. எட்டு மாதம் கத்தியிருக்கிறேன். இந்த அம்மாவுக்காகவே ஒரு சுலபமான கேள்வி வைத்திருக்கிறேன். நாலு கட்டம் எண்ணத் தெரியாதா? தெரியாதாம்! பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி முட்டை போட்டேன். கூட்டிப் பார்த்தால் நாற்பத்து நான்கு. ஐம்பது வாங்கினால்தான் பாஸ். மறுபடி கூட்டினேன். அதே நாற்பத்து நான்கு. இரக்கப்பட்டு ஆறு மார்க் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். போடவில்லை. நான் நேர்மையானவள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ரிசல்ட் ஒட்டிய அன்று வகுப்பு முடிந்து படியிறங்கினேன். அக்கா பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார். அழுதிருக்கவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

“என்னக்கா இது? எட்டு மாசம் படிச்சிட்டு தெரியாதுன்னா எழுதறது?”

“கேள்வியில இல்ல மிஸ், அதான்...”

“கேள்வியில எல்லாம் இருக்குதுக்கா. நீங்கதான் ஒழுங்கா படிக்கல.” எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பேசிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தேன். “விடுங்க, ஆறு மாசம் கழிச்சி மறுபடி எழுதிக்கலாம்.”

“ஆபீஸ்ல இந்த மாசக் கடைசின்னு சொல்லிக்கினு இருக்காங்க மிஸ்.”

“நான் என்னக்கா பண்ண முடியும்?”

“சரி மிஸ்” என்றார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அடுத்த பேட்ச் சேர்ந்து ஐந்தாவது வாரம். மெஷின் இன்னும் லாரியில்தான் இருந்தது. ஆட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று இந்த முறை ஆளுக்கு ஒரே காய், இரண்டே பேர் என்று மாற்றியிருந்தேன். இரண்டு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காயை வெளிச்சுற்று முழுக்க ஓட்டி உள்ளே தள்ளினாள். மற்றவள் பட்டென்று அவள் கையில் அடித்தாள்.

“ஏய், வெட்டுனியா நீ? வெட்டாம எப்படி உள்ள போவ?”

“அட ஆமா, மறந்துட்டேன்” என்று இவள் காயைத் திரும்ப வைத்துவிட்டாள்.

நான் கரும்பலகையிலிருந்து திரும்பினேன். “ஏன், போனா என்ன?”

இரண்டு பேரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். “எதிராளி காய ஒண்ணாவது வெட்டினாத்தான மிஸ் உள்ள போவலாம்? வெட்டாதவங்க சுத்திக்கினே இருக்கணும்.”

“யார் சொன்னது?”

“யாரு சொல்லணும்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான மிஸ்!”

மற்றவர்களையும் கேட்டேன். வளவனூர், கோலியனூர், விக்கிரவாண்டி, எந்த ஊர்ப் பெண்ணைக் கேட்டாலும் அதே பதில். எங்கள் வீட்டில் அப்படி ஒரு விதி கிடையாது. அம்மாவும் என் கூடப்பிறந்த அக்காவும் நானும் ஆடியது வேறு மாதிரி, வெளிச்சுற்றை முடித்தால் உள்ளே போகலாம், அவ்வளவுதான். தாயம் என்றால் உலகம் முழுக்க எங்கள் கூடத்தில் ஆடிய தாயம்தான் என்று இருந்திருக்கிறேன். முந்தின பேட்ச் முழுக்க நாலு பேர், ஆளுக்கு ஆறு காய் வைத்து ஆடினார்கள். அத்தனை காய் சுற்றும்போது உள்ளே போவதற்குள் எல்லாரும் யாரையாவது வெட்டியிருப்பார்கள். எட்டு மாதத்தில் ஒருதரம்கூட இந்தப் பேச்சு எழவில்லை. பரீட்சையிலும் மற்றவர்கள் யாரும் அந்த விதியை எழுதவில்லை. தெரியாமல் இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள். அக்கா ஒருவர்தான் எழுதினார். அதைத்தான் நான் சிவப்பு மையால் அடித்தேன்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அலமாரியைத் திறந்து பழைய விடைத்தாள்களை இழுத்தேன். என் கேள்வியை நானே படித்தேன். சிவப்புக் காய் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது. அந்த ஆட்டக்காரர் ஏற்கெனவே வெட்டியிருக்கிறாரா என்று கேள்வியில் இல்லை. எழுதாததை மெஷின் ஊகிக்கக் கூடாது, தெரியாது என்று சொல்லி நிற்கவேண்டும். இதை எட்டு மாதம் கத்தியது நான்தானே, பாவி! அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன மிஸ், மயக்கமா என்று பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் காலையிலேயே இன்ஸ்டிட்யூட் முதலாளி முன்னால் போய் நின்றேன். மார்க்கை மாற்றவேண்டும், சர்டிபிகேட் வேண்டும் என்றேன்.

“ரிசல்ட் ஒட்டி ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. இப்ப போயி இன்னா பேஜாரும்மா இது? அந்தம்மா பாவம்னு பாஸ் போடச் சொல்றியா?”

“பாவம்னு இல்ல சார். முப்பது பேர்ல அவங்க ஒருத்தங்கதான் சரியா எழுதியிருக்காங்க.”

“அப்ப மத்த இருபத்தொம்பது பேர ஃபெயில் பண்ணிடுவியா?”

பதில் இல்லை என்றால் இன்னும் சத்தமாகப் பேசுவது என் வழக்கம். கையெழுத்துப் போடாவிட்டால் நாளையிலிருந்து விழுப்புரத்துக்கு நீங்களே போய்க் கரும்பலகையில் கம்ப்யூட்டர் வரைந்துகொள்ளுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு நேராக எண்ணெய் மில்லுக்குப் போனேன். ஆபீஸ் அறையில், பிரிக்காத கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில், டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது வெள்ளைச் சட்டைப் பையன்.

“வாங்க மிஸ்!” என்று எழுந்து நின்றான். முகமெல்லாம் சந்தோஷம். “உங்களாலதான் மிஸ் இந்த வேலை. வந்து மூணு வாரம் ஆவுது.”

“அக்கா எங்க?”

“அவங்கள நிறுத்திட்டாங்களே மிஸ். பேப்பர் கொண்டாரலன்னு.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். “நல்லவங்கதான். ஆனா ரொம்ப லேட்டு மிஸ். சீட்டுல எடை எழுதலன்னா ஒவ்வொண்ணுக்கும் எழுந்து எடைமேடைக்குப் போய்க் கேட்டுக்கினு வருவாங்களாம். நான் அப்படியெல்லாம் போறதில்ல. அந்த ஆளோட பழைய சீட்டப் பாத்து அதே எடையப் போட்டுடுவேன். ஜல்தியா முடிஞ்சிடுது.”

அவனைத் திட்டலாம். அவனுக்கு பாஸ் போட்டது யார்? மில் முதலாளியின் மகனைப் பார்த்தேன். அவர் சர்டிபிகேட்டை வாங்கிப் படித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். “ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாங்க? இப்போ ஆள் போட்டாச்சே” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வளவனூரில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பந்தல் நிழலில் சாக்கை விரித்து அக்காவும் அவர் கணவரும் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள், கூலிக்கு. அக்காவின் கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது. பதினோரு வருடம் டைப் அடித்த விரல்.

“வாங்க மிஸ், வாங்க, உக்காருங்க” என்று பதறி எழுந்து சாக்கை ஓரமாகத் தள்ளினார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விதி எனக்குத் தெரியாதது, அவர் எழுதியது சரி, தப்பு என்னுடையது, மில்லுக்குப் போய்வந்தது, அங்கே நடந்தது. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. சர்டிபிகேட்டை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மெதுவாகப் படித்தார்.

“பாஸா மிஸ் நான்?”

“பாஸுக்கா.”

உள்ளே திரும்பிப் பெரிய பெண்ணைக் கூப்பிட்டார். “இந்தா, இத சத்தமாப் படி. உங்கப்பாவுக்குக் கேக்கட்டும்.” அந்தப் பெண் எழுத்துக்கூட்டிப் படித்தது. கணவர் மல்லாட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“எனக்கு மூளையே இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மிஸ் இத்தினி நாளா” என்றார் அக்கா. “பொண்ணுங்க கேட்டப்பவும் அதான் சொன்னேன். அம்மாவுக்கு மூளை பத்தல, நீங்களாவது நல்லாப் படிங்கன்னு.”

நான் என்னென்னவோ சொன்னேன். வேறு இடத்தில் வேலை கேட்கிறேன் என்றேன், எங்கள் முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். கோபமே இல்லை அவரிடம். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது தெரு முனை வரைக்கும் கூடவே வந்தார். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும்தான் கேட்டார்.

“அன்னைக்குப் படியில சொல்ல வந்தேனே மிஸ். கேள்வியில இல்லன்னு. இன்னா இல்லன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேனே. அப்ப இன்னும் பத்து நாள் இருந்திச்சி.”

அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அக்கா என்றேன்.

அந்தப் பஸ்ஸை விட்டிருந்தால் அடுத்தது இருபது நிமிடத்தில் வந்திருக்கும்.